பின்பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம்

ஒரு நிறுவனத்தின் வருடாந்திர அறிக்கை கையில் கிடைத்தால் நான் பின்னாலிருந்துதான் படிப்பேன். முன்பக்கங்களில் தலைவரின் கடிதமும் வண்ணப் படங்களும் இருக்கும். பின்பக்கங்களில் கணக்குக் குறிப்புகள் இருக்கும். இருபத்திரண்டு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். கண் தானாக அங்கேதான் போகும். டெக்னாலஜிப் பங்குகளையும் ஏஐ பங்குகளையும் நீண்ட காலத்துக்கென்று தேர்ந்தெடுக்க ஆரம்பித்தபோதும் இந்தப் பழக்கத்தோடுதான் வந்தேன். சிப் எப்படி வேலை செய்கிறது, ஓர் ஏஐ மாடலை எப்படிப் பயிற்றுவிக்கிறார்கள் என்பதையெல்லாம் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்றுவரை நான் ஒரு பங்கை வாங்குவதும் விடுவதும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: இவர்களுடைய வரவு யாருடைய செலவு?

பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒரு புத்தகத்தில் வரவாக நிற்கிற ஒவ்வொரு தொகையும் இன்னொரு புத்தகத்தில் செலவாக நிற்கிறது. ஒரு நிறுவனத்தின் விற்பனை வருடத்துக்கு வருடம் இரட்டிக்கிறது என்றால், எங்கோ யாரோ வருடத்துக்கு வருடம் இரண்டு மடங்கு செலவு செய்கிறார்கள். அவர் யார், அந்தப் பணம் அவருக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடம் அவரால் அப்படிக் கொடுக்க முடியும்? நீண்ட கால வளர்ச்சி என்று நாம் சொல்வது கடைசியில் இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பதில்தான்.

இதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். நிறுவனத்துக்கு ஒரு தாள். நடுவில் கோடு. இடது பக்கத்தில் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கான பதில்கள். வலது பக்கத்தில், எது நடந்தால் விற்பேன் என்று வாங்குவதற்கு முன்பே தேதி போட்டு எழுதிவிடுவேன். விலை எவ்வளவு இறங்கினால் விற்பேன் என்று அங்கே எழுதுவதில்லை. தொழிலில் என்ன மாறினால் விற்பேன் என்பது மட்டும்தான்.

ஏஐ-க்கான சிப்புகளை விற்கிற என்விடியாவின் தாளையே எடுத்துக்கொள்கிறேன், எல்லாரும் கேட்பது அதைப் பற்றித்தான். 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் விற்பனை சுமார் 27 பில்லியன் டாலர். 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் 130.5 பில்லியன். இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. முன்பக்கத்தில் இந்த எண்ணைப் பெரிதாகக் காட்டுவார்கள். பின்னால் வாடிக்கையாளர் குறிப்பு என்று ஒன்று இருக்கும். அங்கே பெயர்கள் இருக்காது. ஏ, பி, சி என்று எழுத்துகள்தான். அந்த ஆண்டில் மூன்று நேரடி வாடிக்கையாளர்கள், விற்பனையில் 12 சதவீதம், 11 சதவீதம், 11 சதவீதம். ஆக, மூன்று பேரிடமிருந்து மட்டும் மூன்றில் ஒரு பங்கு. நேரடி வாடிக்கையாளர் என்றால் பெரும்பாலும் சிப்பை வாங்கி போர்டாகவோ சர்வராகவோ மாற்றி விற்பவர்கள். அவர்களிடமிருந்து வாங்குகிற பெரிய கை மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா போன்ற சில நிறுவனங்கள்.

அந்தச் சில நிறுவனங்களின் செலவுக் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. 2025-இன் தொடக்கத்தில் அவர்கள் சொன்ன மூலதனச் செலவுத் திட்டத்தை, அதாவது கட்டடம், மெஷின் போன்ற நீண்ட காலச் சொத்துகளுக்கான செலவைப் பாருங்கள்: மைக்ரோசாஃப்ட் தன் நிதியாண்டுக்கு டேட்டா சென்டர்களுக்காகச் சுமார் 80 பில்லியன் டாலர், அமேசான் சுமார் 100 பில்லியன், ஆல்ஃபபெட் சுமார் 75 பில்லியன், மெட்டா 60 முதல் 65 பில்லியன். இதில் ஏஐ மட்டும் இல்லை, அமேசானின் கிடங்குகளும் உண்டு. ஆனாலும் பெரும்பங்கு கணினிக்குத்தான். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பணப்புழக்க அறிக்கையைப் பார்த்தால், அப்போது பெரும்பாலும் சொந்தத் தொழிலிலிருந்து வந்தது. விளம்பரம், கிளவுட் வாடகை, அலுவலக மென்பொருள் சந்தா. என் தாளின் இடது பக்கத்தில் இதைப் பச்சை மையில் எழுதியிருக்கிறேன்.

ஏன் இதற்கு இத்தனை முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், இன்டர்நெட் இணைப்புக் கருவிகள் செய்கிற சிஸ்கோவின் கதை எனக்கு மனப்பாடம். 2000 மார்ச்சில் சிஸ்கோவின் மொத்தச் சந்தை மதிப்பு 500 பில்லியன் டாலரைத் தாண்டி, கொஞ்ச காலம் உலகிலேயே மதிப்பு மிக்க நிறுவனமாக நின்றது. இன்டர்நெட் வளரும் என்று அன்று சொன்னவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அது அவர்கள் நினைத்ததைவிடவே வளர்ந்தது. ஆனால் சிஸ்கோவின் கருவிகளை வாங்கிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் பல கடன் வாங்கிச் செலவு செய்துகொண்டிருந்தன. கடன் நின்றது, ஆர்டரும் நின்றது. 2001-இல் விற்காத சரக்குக்காக சிஸ்கோ 2 பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டமாக எழுத வேண்டியிருந்தது. 2002 ஜனவரியில் குளோபல் கிராசிங், ஜூலையில் வேர்ல்ட்காம் என்று வாங்கியவர்களே திவாலானார்கள். சிஸ்கோவின் பங்கு உச்சத்திலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நிறுவனம் சாகவில்லை. 2000-இல் 19 பில்லியனாக இருந்த அதன் ஆண்டு விற்பனை 2025-இல் 57 பில்லியனை நெருங்கியது, மூன்று மடங்கு. அப்படியிருந்தும் அந்தப் பழைய உச்ச விலையைத் திரும்பத் தொட 2025 டிசம்பர் வரை ஆனது.

அதனால்தான் 2025 செப்டம்பரில், தன் சிப்புகளைப் பயன்படுத்துகிற, சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் 100 பில்லியன் டாலர் வரை முதலீடு செய்யப்போவதாக என்விடியா அறிவித்தபோது, தாளின் வலது பக்கத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்த்தேன். விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுத்தால் அந்த விற்பனையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் இது பால பாடம். அதில் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கலாம், நல்ல வியாபாரமாகவே முடியலாம். ஆனாலும் வேறொருவர் தன் வருமானத்திலிருந்து கொடுக்கிற நூறு ரூபாயும், நான் கொடுத்து எனக்கே திரும்பி வருகிற நூறு ரூபாயும் ஒன்றாகாது. அந்தப் பகுதி மொத்த விற்பனையில் எவ்வளவு என்று ஒவ்வொரு காலாண்டும் தேடிப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒரு தடவை வாங்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். பழைய தொழில்தான், ஆனால் திடீரென்று அறிக்கை முழுவதும் ஏஐ. நான் மதிக்கிற ஒருவர் சொன்னார் என்று, வழக்கத்தை விட்டு, முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாங்கினேன். எட்டு மாதம் கழித்துப் பங்கு பாதியானபோதுதான் ஒரு ராத்திரி உட்கார்ந்து பின்பக்கத்தைப் படித்தேன். எல்லாம் அங்கேயே இருந்தது. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. வரவேண்டிய பாக்கி இரட்டித்திருந்தது. அதாவது விற்றதாக எழுதிய சரக்குக்குப் பணம் வந்து சேரவில்லை. இலாபநட்டக் கணக்கில் இலாபம், பணப்புழக்கத்தில் பற்றாக்குறை. ஆராய்ச்சிச் செலவு முந்தைய வருடத்தைவிடக் குறைந்திருந்தது. புதிய தொழில்நுட்பத்தில் இறங்குகிற நிறுவனம் ஆராய்ச்சிக்குக் குறைவாகச் செலவு செய்யுமா? வேலையிடத்தில் ஒரு சின்ன சப்ளையரின் கணக்கை இப்படிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். சொந்தப் பணத்துக்குப் போட்டுவிட்டேன். அந்த நஷ்டம் இன்னும் வலிக்கிறது, தொகைக்காக அல்ல.

இப்படிப் பெயர் ஒட்டிக்கொள்வது புதிய வித்தையும் இல்லை. டாட்காம் காலத்தில் பெயரோடு டாட்காம் சேர்த்த நிறுவனங்களின் பங்குகள் அறிவிப்பை ஒட்டிய பத்து நாட்களில் சந்தையைவிடச் சராசரியாக 74 சதவீதம் கூடுதலாக ஏறியதாக 2001-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இன்டர்நெட்டோடு அவர்களுக்கு நிஜமாகத் தொடர்பு இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. 2017 டிசம்பரில் ஒரு குளிர்பான நிறுவனம் பெயரில் பிளாக்செயினைச் சேர்த்தது. அன்றே அதன் பங்கு பல மடங்கானது. அடுத்த வருடமே அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2024 மார்ச்சில், ஏஐ பயன்படுத்துவதாகப் பொய்யாகச் சொன்ன இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்களுக்கு அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் மொத்தம் 4 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

சரி, எந்த மாதிரி நிறுவனம் எனக்குப் பிடிக்கும்? நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் என் நோட்டில் ரொம்ப நாளாக இருக்கிறது. மிக நுண்ணிய சிப்புகளை அச்சடிக்கத் தேவையான, அதிதீவிரப் புறஊதா ஒளியில் இயங்குகிற இயந்திரத்தை உலகத்தில் செய்து விற்பது அவர்கள் ஒருவர்தான். 2024-இல் இந்த வகையில் விற்றது மொத்தமே 44 இயந்திரங்கள். என்விடியா ஜெயித்தாலும், அதற்குப் போட்டியாகத் தானே சிப் வடிவமைக்கிற கூகுள் ஜெயித்தாலும், அந்தச் சிப்பை அச்சடிப்பது பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி; டிஎஸ்எம்சி வாங்குவது ஏஎஸ்எம்எல் இயந்திரம். இதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் கணக்கில் வேறொரு வரி. 2024-இல் மொத்த விற்பனை சுமார் 28 பில்லியன் யூரோ. அதில் சுமார் 6.5 பில்லியன், ஏற்கெனவே விற்ற இயந்திரங்களின் பராமரிப்பிலிருந்தும் மேம்படுத்தலிலிருந்தும் வந்தது. புதிய ஆர்டர் குறைகிற வருடத்திலும் ஓடுகிற இயந்திரத்தைப் பராமரித்துத்தான் ஆக வேண்டும். அதற்கான காசு வாங்குபவரின் அன்றாட நடைமுறைச் செலவிலிருந்து வரும். வலது பக்கமும் காலியாக இல்லை: ஏற்றுமதிக் கட்டுப்பாடு, மூன்று நான்கு வாடிக்கையாளரை நம்பியிருப்பது, தைவானைச் சுற்றிய அரசியல்.

மென்பொருள் நிறுவனங்களில் நான் பார்ப்பது வேறு. பழைய மென்பொருளில் ஆயிரமாவது பிரதிக்குச் செலவே கிடையாது. அதனால்தான் அத்தனை இலாபம். ஏஐ சேவையில் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு சர்வர் ஓடி மின்சாரம் செலவாகிறது. ஒரே சந்தாவில் அதிகமாகப் பயன்படுத்துகிறவர் நிறுவனத்துக்குச் செலவு வைக்கிறவர். ஆகவே, வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறும்போது மொத்த இலாப விகிதம் (விற்பனையில் சேவையின் நேரடிச் செலவு போக மிஞ்சுகிற பங்கு) நிலையாக இருக்கிறதா என்பதை மட்டும் மூன்று வருடம் வரிசையாக எழுதிப் பார்ப்பேன். கூடவே பங்குகளின் எண்ணிக்கை. ஊழியர்களுக்குப் பங்காகச் சம்பளம் கொடுத்துக்கொண்டே போனால், நிறுவனம் வளர்ந்தாலும் என் பங்குக்கு வருகிற அளவு கரைந்துகொண்டே இருக்கும்.

எல்லாம் நன்றாக இருந்தும் விலை அதிகமாக இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் ரொம்பப் பேர் அவசரப்படுகிறார்கள், நானும் அவசரப்படப் பார்ப்பேன். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் பங்கு தொட்ட உச்சத்தை அது மறுபடி தாண்டியது 2016 அக்டோபரில். அந்த இடைவெளியில் அதன் ஆண்டு விற்பனை 23 பில்லியனிலிருந்து 85 பில்லியனுக்குப் போயிருந்தது. அற்புதமான நிறுவனம், சரியான கணிப்பு, பதினாறு வருடத்துக்கும் மேலாகக் காத்திருப்பு. நான் ஒரு சின்னக் கணக்குப் போடுவேன். ஒரு பங்கு இலாபத்தைப் போல 60 மடங்கு விலையில் இருக்கிறது என்று வையுங்கள். இலாபம் பத்து வருடம் விடாமல் 20 சதவீதம் வளர்கிறது. அது லேசான காரியம் இல்லை. பத்து வருடத்தில் இலாபம் ஆறு மடங்கு ஆகும். அதற்குள் நிறுவனம் முதிர்ந்து, சந்தை 20 மடங்குதான் தரும் என்றால், பங்கு விலை இரண்டு மடங்கு மட்டுமே. வருடத்துக்கு ஏழரை சதவீதம். அத்தனை அபாயத்துக்கு அது எனக்குப் போதாது. அப்படியானால் அந்தத் தாளை மூடிவைத்து, விலைக்காகக் காத்திருப்பேன். சில தாள்கள் நான்கு வருடமாக அப்படியே இருக்கின்றன.

இத்தனை பார்த்தும் தப்பு நடக்கும். ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் என்ற பேராசிரியர், 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த சுமார் 26,000 பங்குகளைக் கணக்கெடுத்தார். அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களைவிடப் பங்குகள் கூடுதலாகத் தந்த செல்வம் முழுவதும் 4 சதவீத நிறுவனங்களிலிருந்தே வந்திருக்கிறது. அந்த 4 சதவீதம் எது என்று முன்கூட்டியே சொல்ல என் நோட்டுக்குச் சக்தி இல்லை. அதனால் என் பணத்தில் பாதி, சந்தைக் குறியீட்டிலுள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கிற இன்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது. மீதியில் எந்த ஒரு நிறுவனத்திலும் வாங்கும்போது மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை.

என் அண்ணன் மகள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே இதே மாதிரி ஒரு நோட்டு போட்டாள். 2025 ஜனவரி 27 அன்று போன் செய்தாள். சீன நிறுவனம் டீப்சீக், குறைந்த செலவில் திறமையான மாடலைச் செய்துவிட்டது என்ற செய்தியில் என்விடியா அன்று ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. சந்தை மதிப்பில் கிட்டத்தட்ட 590 பில்லியன் டாலர். அதுவரை எந்த நிறுவனமும் ஒரே நாளில் இவ்வளவு இழந்ததில்லை.

“அத்தை, வித்துடட்டுமா?” குரல் நடுங்கியது.

“உன் தாளை எடு. வலது பக்கத்தைப் படி.”

படித்தாள். பெரிய வாடிக்கையாளர்கள் செலவுத் திட்டத்தைக் குறைத்தால் விற்பேன் என்று எழுதியிருந்தாள்.

“குறைச்சிருக்காங்களா?”

“தெரியலை, அத்தை. இன்னும் ரிசல்ட் வரலை.”

“வரட்டும். ரெண்டு வாரம் பொறு. குறைச்சிருந்தா, விலை என்னவா இருந்தாலும் வித்துடு. நானும் விக்கிறேன்.”

அந்த இரண்டு வாரமும் எனக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை. பிள்ளையின் முதல் சேமிப்பு அது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மெட்டா, மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், கடைசியாக பிப்ரவரி 6 அன்று அமேசான். மேலே நான் எழுதிய அந்தச் செலவு எண்கள் அந்த நாட்களில் உறுதியானவைதான். யாரும் குறைக்கவில்லை. அவள் விற்கவில்லை.

அமேசானின் ஆண்டறிக்கை வந்ததும் இரண்டு பேரும் போனிலேயே சேர்ந்து படித்தோம், பின்பக்கத்திலிருந்து. தேய்மானக் குறிப்பில் நின்றோம். தேய்மானம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன்: 60 டாலருக்கு ஒரு மெஷின் வாங்கி, ஆறு வருடம் உழைக்கும் என்று கணக்கு எழுதினால் வருடச் செலவு 10 டாலர், ஐந்து வருடம் என்றால் 12. மெஷின் அதேதான், கையிலிருந்து போன பணமும் அதேதான், ஆனால் காட்டுகிற இலாபம் மாறும். அந்த வருட ஜனவரியிலிருந்து அமேசான் தன் சர்வர்களில் ஒரு பகுதிக்கு ஆயுளை 6 வருடத்திலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தது. ஏஐ தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது, பழைய மெஷின் சீக்கிரம் உதவாமல் போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். சில நாள் முன்பு வந்த மெட்டாவின் அறிக்கையையும் திறக்கச் சொன்னேன். அதே மாதம், அவர்கள் தங்கள் சர்வர்களின் ஆயுளை 5 வருடத்திலிருந்து 5.5 ஆகக் கூட்டியிருந்தார்கள். அதனால் மட்டும் 2025-இல் தேய்மானச் செலவு சுமார் 2.9 பில்லியன் டாலர் குறையும் என்றும் எழுதியிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை.

“ஒரே மாதிரி மெஷின்தானே, அத்தை? இவங்க ஆயுளைக் குறைக்கிறாங்க, அவங்க கூட்டுறாங்க. யார் சொல்றது சரி?”

இரண்டு கணக்குக்கும் தணிக்கையாளர் கையெழுத்து இருக்கிறது என்றேன். யார் சரி என்பது அந்த மெஷின்கள் உண்மையில் எத்தனை வருடம் ஓடுகின்றன என்பதில்தான் தெரியும், 2030 பக்கத்தில். பேனா உரசுகிற சத்தம் கேட்டது. வலது பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.